ஜெர்மன் நாணயம்: ஆண்டை மட்டும் சொன்னால் விலை சொல்ல முடியாது (கேள்வி-பதில்)

இந்த முறை வந்த கடிதங்களில் ஜெர்மன் நாணயங்களைப் பற்றியவைதான் அதிகம். பதில்களுக்குள் போகும் முன் ஒரு வேண்டுகோள். எழுதும்போது ஆண்டோடு நாணயத்தில் இருக்கும் தனி எழுத்தையும் குறிப்பிடுங்கள். அது எந்த நாணயச்சாலையில் அடித்தது என்று காட்டும் எழுத்து: ஏ என்றால் பெர்லின், டி மியூனிக், எஃப் ஸ்டுட்கார்ட், ஜி கார்ல்ஸ்ரூ, ஜே ஹாம்பர்க். ஆண்டும் மதிப்பும் ஒன்றாகவே இருக்கும். ஒரு எழுத்தில் கோடிக்கணக்கில் அடித்திருப்பார்கள், இன்னொரு எழுத்தில் சில ஆயிரம்தான் வந்திருக்கும். எழுத்து தெரியாமல் யாராவது உங்களுக்கு விலை சொன்னால் அவரை நம்ப வேண்டாம்.

1950 ஜி என்று போட்ட 50 பெனிக் என்னிடம் இருக்கிறது. இது லட்சக்கணக்கில் போகும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். உண்மையா? (சேலம்)

வீடியோவில் சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதிதான் ஏமாற்றும். 1950 தேதியோடு கார்ல்ஸ்ரூவில் இரண்டு விதமான 50 பெனிக் வந்தன (யூரோவுக்கு முன் ஜெர்மனியில் புழங்கிய மார்க்கின் சில்லறை பெனிக்; 100 பெனிக் ஒரு மார்க்). ஒன்றில் ‘புண்டெஸ்ரெபுப்ளிக் டாய்ச்லாந்து’ என்று நாட்டின் பெயர் இருக்கும். அது கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டது. புழங்கித் தேய்ந்திருந்தால் முகமதிப்புக்கு மேல் எதுவும் கிடைக்காது. இன்னொன்றில் ‘பாங்க் டாய்ச்சர் லெண்டர்’ என்று இருக்கும். மேற்கு ஜெர்மனி என்ற நாடு அமைவதற்கு முன்பே, 1948-இல் தொடங்கிய மத்திய வங்கியின் பெயர் அது. 1949 தேதியிட்ட 50 பெனிக்கில் அந்தப் பெயர் இருப்பது இயல்பு. 1950-இல் எல்லா இடத்திலும் நாட்டின் பெயருக்கு மாறியிருக்க வேண்டும். கார்ல்ஸ்ரூவில் மட்டும் பழைய பெயரோடு 30,000 நாணயங்கள் வெளிவந்துவிட்டன. எல்லோரும் தேடுவது அந்த 30,000-ஐத்தான்.

ஆகவே முதலில் ஆண்டைப் பார்க்காதீர்கள், சுற்றி ஓடும் எழுத்துகளைப் படியுங்கள். எனக்கு வரும் ‘1950 ஜி’ படங்களில் ஏறக்குறைய எல்லாமே நாட்டின் பெயர் உள்ளவைதான்.

வங்கிப் பெயர்தான் இருக்கிறது என்றாலும் உடனே துள்ள வேண்டாம். 1949 ஜி நாணயத்தை வாங்கி, கடைசி 9-ஐச் சுரண்டி 0 ஆக்கி விற்பது பழைய தந்திரம். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் வைத்து அந்த 0-வைப் பாருங்கள். அதைச் சுற்றியுள்ள பரப்பு மட்டும் வழுவழுப்பாகவோ கீறலாகவோ, மற்ற இடத்தைவிடச் சற்றுத் தாழ்ந்தோ இருந்தால் கைவேலை நடந்திருக்கிறது. எடை 3.5 கிராம் இருக்க வேண்டும். விளிம்பில் வரிப்பள்ளங்கள் இருக்க வேண்டும்; வழவழப்பான விளிம்பு 1972 முதல் வந்தது. விளிம்பைச் சுற்றி மெல்லிய ஒட்டுக்கோடு தெரிந்தால் இரண்டு நாணயங்களை இழைத்து ஒட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எல்லாம் சரியாக இருந்து, நாணயத்தில் மரக்கன்று நடும் பெண்ணின் தலை, தோள், முழங்கால் மட்டும் லேசாகத் தேய்ந்திருந்தால் சில நூறு யூரோ கிடைக்கும். ரூபாயில் அது ஆயிரங்கள். லட்சம் என்பது வீடியோ போட்டவரின் ஆசை.

தாத்தா பெட்டியில் 1910 ஏ, 3 மார்க் வெள்ளி கிடைத்தது. கறுத்துப்போயிருந்ததால் புளி போட்டுத் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கிவிட்டேன். என்ன விலை போகும்? (கும்பகோணம்)

ஏறக்குறைய வெள்ளி விலை. சொல்வதற்கே வருத்தமாக இருக்கிறது.

பிரஷ்ய மன்னரும் ஜெர்மன் பேரரசருமான இரண்டாம் வில்ஹெல்மின் தலை போட்ட அந்த 3 மார்க் லட்சக்கணக்கில் அடிக்கப்பட்டது. எடை 16.667 கிராம், 900 தரம் (ஆயிரத்தில் 900 பங்கு வெள்ளி). அதாவது 15 கிராம் சுத்த வெள்ளி. இப்படிச் சாதாரணமாகக் கிடைக்கும் நாணயத்தில் வெள்ளி மதிப்புக்கு மேல் ஒருவர் பணம் கொடுத்தால், அது முழுக்க மேற்பரப்புக்குத்தான். அச்சு ஓங்கி அடிக்கும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடும். அந்த ஓட்டம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கோடுகளாகப் பதிந்துவிடும். புதிய நாணயத்தை விளக்கடியில் சாய்த்தால் ஒளி சக்கரம்போலச் சுற்றுவது இதனால்தான். புளியின் அமிலமும் தேய்த்த விரலும் அந்தக் கோடுகளை எடுத்துவிட்டன. இப்போது பளிச்சென்று இருப்பது அம்மணமான வெள்ளி. பழகிய கண் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடும்.

இனி எதுவும் செய்ய வேண்டாம். இருண்ட நிறம் திரும்பி வரச் சில பத்தாண்டுகள் ஆகும், வரட்டும். மற்றவர்களுக்கு: எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அசிட்டோனில் முக்கி எடுங்கள், காய்ச்சி வடித்த நீரில் அலசுங்கள், பருத்தித் துணியில் ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள். விபூதி, பற்பசை, எலுமிச்சை, வெள்ளிப் பாத்திர பாலிஷ் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது.

இ எழுத்தோடு 1917 தேதியிட்ட சாக்ஸனி (அன்றைய பேரரசில் சேர்ந்திருந்த ஒரு ஜெர்மன் அரசு) 3 மார்க்கைப் பற்றி இன்னொருவர் தனியாகக் கேட்டிருந்தார். மதச் சீர்திருத்தத்தின் 400-ஆம் ஆண்டுக்காக, அறிவாளர் ஃப்ரீட்ரிக் என்ற பழைய இளவரசரின் உருவத்தோடு முல்டன்ஹுட்டனில் 100 நாணயங்கள் மட்டுமே அடிக்கப்பட்டன. பேரரசுக் கால வெள்ளியில் மிகவும் பேசப்படுவது அதுதான். ஒன்று உங்கள் கைக்கு வந்தால், அது நகல் என்று வைத்துக்கொண்டே ஆராயத் தொடங்குங்கள்.

ஜெர்மன் ஏலத்தில் ‘ஷோன்’ என்று போட்டிருந்ததை நம்பி வாங்கினேன். வந்தது பாதி தேய்ந்த நாணயம். திருப்பி அனுப்பலாமா? (சென்னை)

முடியாது. விற்றவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். ஜெர்மன் தர வரிசையில் ‘ஷோன்’ கிட்டத்தட்ட அடித்தட்டு: உருவம் தெரியும், நுண்ணிய விவரம் போயிருக்கும். அதற்கு மேலே ‘ஸேர் ஷோன்’: நன்றாகப் புழங்கியது, ஆனால் முக்கிய விவரங்கள் நிற்கும். அதற்கும் மேலே ‘ஃபோர்ட்ஸூக்லிஷ்’: உயர்ந்த இடங்களில் மட்டும் லேசான தேய்மானம், ஒளி கொஞ்சமாவது மிச்சம் இருக்கும். உச்சியில் ‘ஷ்டெம்பல்கிளான்ட்ஸ்’: புழங்காதது. 20-ஆம் நூற்றாண்டு நாணயமாக இருந்து, அது அரியதும் இல்லையென்றால், ஃபோர்ட்ஸூக்லிஷுக்குக் கீழே நான் வாங்க மாட்டேன்.

‘போலியெர்டே பிளாட்டே’ இந்த வரிசையில் சேராது. அது அடிக்கும் முறை: மெருகேற்றிய அச்சு, மெருகேற்றிய தகடு, கண்ணாடி போன்ற பின்னணி. நம் ஊரில் ப்ரூஃப் என்பார்கள். ப்ரூஃப் நாணயத்தையும் வெறும் கையால் தொட்டுக் கெடுக்க முடியும். ரேகை ஒருமுறை அரித்துவிட்டால் போகாது. அப்போது அது கெட்ட ப்ரூஃப்; விலை பாதிக்கும் கீழே போனாலும் வியப்பில்லை.

அப்பா யேர்மனிக்கு வந்த காலத்தில் சேர்த்த டொச் மார்க் ஒரு பிஸ்கற் பேணி நிறையக் கிடக்குது. இப்பவும் வங்கியில் மாற்றலாமோ, இல்லை விற்கிறது நல்லதோ? (டோர்ட்முண்ட்)

மாற்றலாம். ஜெர்மன் மத்திய வங்கியான புண்டெஸ்பாங்க் காலக்கெடு இல்லாமல் மாற்றித் தருகிறது. 1.95583 மார்க்குக்கு 1 யூரோ, கட்டணம் இல்லை. கிளைக்கு நேரில் போகலாம், அஞ்சலில் மைன்ஸ் கிளைக்கும் அனுப்பலாம். ஆனால் பேணியோடு அப்படியே தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ஒரு மாலை உட்கார்ந்து பிரியுங்கள்.

முதலில் 5 மார்க். 1951 முதல் 1974 வரை தேதியிட்ட கழுகு நாணயம் வெள்ளி: 11.2 கிராம், 625 தரம், ஆக 7 கிராம் சுத்த வெள்ளி. 1975-லிருந்து வந்தது 10 கிராம் எடையுள்ள நிக்கல்-செம்பு. வெள்ளியில் வந்ததை வங்கிப் பக்கமே கொண்டுபோக வேண்டாம். 5 மார்க்கின் யூரோ மதிப்பு 2.56 மட்டும். ஒரு கிராம் வெள்ளி 37 செண்ட்டைத் தாண்டினாலே உள்ளிருக்கும் வெள்ளியின் விலை அதை மிஞ்சிவிடும்.

அடுத்து 10 மார்க் நினைவு நாணயங்கள். 1972 ஒலிம்பிக் நாணயங்களும், 1987 முதல் 1997 வரை வந்தவையும் 15.5 கிராம், 625 தரம். சுத்த வெள்ளி 9.69 கிராம். 1998 முதல் 2001 வரை வந்தவை அதே எடையில் 925 தரம், 14.34 கிராம். வங்கி இரண்டுக்கும் ஒரே 5.11 யூரோதான் தரும். முதல் வகைக்குக் கிராம் 53 செண்ட், இரண்டாவதற்கு 36 செண்ட் என்று எல்லைக்கோட்டை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய வெள்ளி விலை அதற்கு மேலே இருந்தால் வெள்ளி வாங்குபவரிடம் போங்கள், கீழே இருந்தால் வங்கிக்குப் போங்கள்.

மிச்சத்தில் 1951 தேதியிட்ட, கதிரும் திராட்சையும் போட்ட 2 மார்க் இருந்தால் தனியே எடுத்து வையுங்கள். 1 மார்க்கோடு குழம்புகிறது என்று அதைச் சில ஆண்டுகளிலேயே திரும்பப் பெற்று, மாக்ஸ் பிளாங்க் தலை போட்ட 2 மார்க்கைக் கொண்டுவந்தார்கள். 1990களின் பிற்பகுதித் தேதியிட்ட 5 மார்க்கையும் ஒதுக்குங்கள். அவை பெரும்பாலும் சேகரிப்போருக்கான செட்டுகளுக்காகவே அடிக்கப்பட்டவை. 2001 தேதியிட்ட 1 மார்க் தங்க நிறத்தில் இருந்தால், அது நிறம் மட்டும் அல்ல, 12 கிராம் சுத்தத் தங்கம். மார்க்குக்கு விடைகொடுக்க புண்டெஸ்பாங்க் வெளியிட்டது. பேணிக்குள் இருக்க வாய்ப்பில்லை, இருந்தாலும் பார்த்துவிடுங்கள்!

இதெல்லாம் போக மீதி 10, 50 பெனிக், 1, 2 மார்க் சில்லறையை நிம்மதியாக வங்கியில் கொடுக்கலாம். ஒவ்வொன்றையும் இணையத்தில் ஏற்றி விற்கப் போனால் தபால் செலவுக்கே சரியாகிவிடும்.

2006 முதல் வந்த ஜெர்மன் மாநில 2 யூரோ நாணயங்கள் எல்லா எழுத்திலும் சேர்த்து வைத்திருக்கிறேன். எதிர்கால முதலீடாக இருக்குமா? (பாரிஸ்)

இருக்காது. சேர்ப்பதில் மகிழ்ச்சி இருந்தால் சேருங்கள். புழக்கத்திலிருந்து எடுத்தது 2 யூரோவுக்கு 2 யூரோதான். ஒன்றை மட்டும் திருப்பிப் பாருங்கள்: 2008 ஹாம்பர்க் தேவாலய நாணயம், எஃப் எழுத்து. அதில் ஒரு பகுதி தவறுதலாகப் பழைய ஐரோப்பிய வரைபடத்தோடு வந்தது; அந்தப் படத்தில் 15 நாடுகளும் தனித்தனியாகப் பிரிந்து தெரியும். அது கிடைத்தால் செலவழிக்காதீர்கள்.

அச்சடிப்பு எண்ணிக்கை சில பத்தாயிரமே உள்ள கிழக்கு ஜெர்மன் நினைவு நாணயம் மலிவாகக் கிடைக்கிறது. இரண்டு லட்சம் அடித்த மேற்கு ஜெர்மன் 5 மார்க் பல மடங்கு விலை. இது எப்படி? (மதுரை)

நல்ல கேள்வி. கேட்லாக்கில் போட்டிருக்கும் எண், அடித்த எண்ணிக்கை. சந்தைக்குத் தேவை வேறு இரண்டு எண்கள்: நல்ல நிலையில் இன்று எத்தனை மிச்சம், அதைத் தேடுபவர் எத்தனை பேர்.

நீங்கள் சொல்வது 1952-இன் நியூரம்பெர்க் ஜெர்மானிய அருங்காட்சியக 5 மார்க்காக இருக்க வேண்டும். டி எழுத்து, ஏறக்குறைய 2,00,000. அடுத்து 1955-இல் ஷில்லர், அதே ஆண்டில் பாடன் மார்க்கிராஃப், 1957-இல் ஐஷென்டார்ஃப், இவையும் தலா 2,00,000. 1964-இல் ஃபிக்டே 5,00,000. இந்த ஐந்தையும் சேர்த்து ‘முதல் ஐந்து’ என்பார்கள். வெளிவந்தபோது நினைவு நாணயம் சேர்க்கும் வழக்கம் இன்னும் பரவவில்லை. பலர் அவற்றைச் சாதாரண 5 மார்க்காகச் செலவழித்துவிட்டார்கள். பிறகு 1960களின் பிற்பகுதியிலிருந்து நாடே சேர்க்கத் தொடங்கியது. எல்லாருடைய ஆல்பத்திலும் முதல் ஐந்து குழிகள் காலியாக நின்றன. கையில் இருப்பது குறைவு, கேட்பவர் கூட்டம் பெரிது.

கிழக்கில் கதை தலைகீழ். 10, 20 மார்க் நினைவு நாணயங்கள் பலவும் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் அவை புழங்கவே இல்லை. அடித்தவை பெரும்பாலும் பிளாஸ்டிக் உறையிலேயே பத்திரமாக இருக்கின்றன. வாங்கும் கூட்டமும் சிறியது. எல்லாமே புதிதாக இருக்கும் சந்தையில் ‘புதிது’ என்பதற்கு யாரும் கூடுதல் பணம் தர மாட்டார்கள்.

இதே கணக்கில் 1972 ஒலிம்பிக்கின் ‘இன் டாய்ச்லாந்து’ நாணயத்தையும் பாருங்கள். கிழக்கு ஜெர்மனி எதிர்ப்புத் தெரிவித்ததால் அந்த வாசகத்தை ‘இன் மியூன்ஷென்’ என்று மாற்றினார்கள். கதை சுவையானது, அதை வைத்து ‘தடைசெய்யப்பட்ட அரிய நாணயம்’ என்று விற்கிறார்கள். ஆனால் மாற்றுவதற்கு முன்பே 1 கோடி அடித்தாயிற்று. வெள்ளி விலைக்கு மேல் தராதீர்கள்.

1958 ஜே, 5 மார்க் ஒன்று சந்தை விலையில் பாதிக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா? (கோயம்புத்தூர்)

60,000 மட்டுமே அடித்த நாணயம், வெள்ளிக் கழுகு வரிசையின் சாவி, அதாவது அந்த வரிசையிலேயே மிக அரியது. யாரும் பாதிக்கு விற்க மாட்டார்கள். வேறு ஜே நாணயத்தில் கடைசி எண்ணைத் திருத்தியதாக இருக்கலாம், வார்ப்பு நகலாகவும் இருக்கலாம். 11.2 கிராம், 29 மில்லிமீட்டர், விளிம்பில் ‘ஐனிக்கைட் உண்ட் ரெஹ்ட் உண்ட் ஃப்ரைஹைட்’ என்ற வாசகம் கூர்மையாக. இதில் ஒன்று பிசகினாலும் வேண்டாம். மூன்றும் சரியாக இருந்தாலும் அந்த 8 போலி இல்லை என்று ஆகிவிடாது, லூப் கட்டாயம். திருப்பிக் கொடுக்கும் உரிமையை எழுத்தில் வாங்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

எடை என்றதும் இன்னொன்று: 1979 ஜி, ஓட்டோ ஹான் 5 மார்க். முதலில் வெள்ளியில் அடித்தார்கள். வெள்ளி விலை திடீரென்று ஏறி முகமதிப்பைத் தாண்டியதால் உருக்கிவிட்டு நிக்கல்-செம்பில் மறுபடி அடித்தார்கள். உருக்கப்படாமல் தப்பியவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. உங்களிடம் இருக்கும் ஓட்டோ ஹானைத் தராசில் வையுங்கள். 10 கிராம் என்றால் கதை முடிந்தது.

1890-களைச் சேர்ந்த, கழுகு உட்கார்ந்த தலைக்கவசம் போட்ட ராஜா உருவத்தோடு ‘ரூபியே’ என்று எழுதிய வெள்ளி நாணயம் எங்கள் வீட்டில் இருக்கிறது. ஜெர்மனியில் ரூபாய் இருந்ததா? (காரைக்குடி)

ஜெர்மனியில் இல்லை, ஜெர்மன் கிழக்காப்பிரிக்காவில் இருந்தது. இன்றைய தான்சானியாவின் பெரும்பகுதி அதில் அடங்கும். அந்தக் கரையோர வணிகத்தில் இந்திய ரூபாய் ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. புதிதாக மார்க்கைக் கொண்டுவந்தால் யாரும் வாங்கமாட்டார்கள் என்பதால், அங்கே நாணயம் அடிக்கும் உரிமை பெற்றிருந்த ஜெர்மன் கிழக்காப்பிரிக்க கம்பெனி 1890 முதல் நம் ரூபாயின் அளவிலேயே நாணயம் அடித்தது. 11.66 கிராம், 917 தரம், விக்டோரியா ரூபாயின் அதே எடை, அதே தரம். 64 பேசாவுக்கு ஒரு ரூபியே. நம் 64 பைசாக் கணக்குதான். 1904-இல்தான் 100 ஹெல்லராக மாற்றினார்கள்.

ஒரு பக்கம் தலைக்கவசத்தோடு வில்ஹெல்ம், மறுபக்கம் சிங்கமும் பனைமரமும் கம்பெனியின் பெயரும் இருந்தால் சரியான வகை. ஜெர்மானியர்கள் காலனி நாணயங்களை ஆசையாகச் சேர்ப்பதால் நல்ல நிலையில் உள்ளதற்கு எப்போதும் ஆள் உண்டு. தலைக்கவசத்துக் கழுகின் சிறகும் மீசையும்தான் முதலில் தேயும், அங்கே பாருங்கள். 1893, 1894 தேதியிட்ட 2 ரூபியே மிக அரிது. அந்த அளவுக்கு மலிவு நகல்களும் உண்டு. காந்தம் ஒட்டினால் அது இரும்பு, பேச்சே இல்லை. ஒட்டாவிட்டாலும் எடை பாருங்கள்.

நகை அடகு வைக்கும் கடையில் காட்டி விலை கேட்காதீர்கள். அங்கே 11.66 கிராம் வெள்ளியாக மட்டும்தான் எடை போடுவார்கள்.

2 பெனிக் நாணயங்களைக் காந்தம் வைத்துப் பார்ப்பது எதற்கு? (யாழ்ப்பாணம்)

1967, 1968 வாக்கில் வெண்கலத்திலிருந்து செம்பு பூசிய எஃகுக்கு மாறினார்கள். மாற்றத்தின் ஓரத்தில் உள்ள ஆண்டுகளில் தவறான உலோகத்தில் வந்தவை அரிது. பழைய வெண்கலத்தில் காந்தம் ஒட்டாது, எஃகில் ஒட்டும். அந்த ஆண்டுகளைத் தவிர்த்து மற்றவற்றில் சோதிப்பது நேர விரயம். 1 பெனிக் தொடக்கத்திலிருந்தே எஃகுதான்; அது ஒட்டுகிறது என்று படம் எடுத்து அனுப்ப வேண்டாம்.

நாணயத்தை அமெரிக்க நிறுவனத்துக்கு அனுப்பி பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து கிரேடு வாங்கினால் விலை கூடுமா? (பெங்களூரு)

அனுப்பும் செலவும் கட்டணமும் காப்பீடும் சேர்த்துப் பாருங்கள். நாணயத்தின் மதிப்பில் அது பத்தில் ஒன்றுக்கு மேல் வந்தால் வேண்டாம். என்ஜிசி, பிசிஜிஎஸ் என்ற இரண்டு அமெரிக்க நிறுவனங்களும் 70 புள்ளி அளவில் தரம் போடுகின்றன. புழங்காத நாணயத்தில் 64-க்கும் 66-க்கும் இடையே விலை தாவுவது அமெரிக்கச் சந்தையின் பழக்கம். ஜெர்மன் சேகரிப்பாளர்களில் பலர் இன்னும் பெட்டியை உடைத்துத் தங்கள் ஆல்பத்தில் வைக்கிறவர்கள். அவர்களுக்கு அந்த எண்ணைவிடத் தங்கள் கண் முக்கியம். போலி அதிகம் நடமாடும் நாணயங்களுக்கு மட்டும், உதாரணமாக 1950 ஜி வங்கிப் பெயர் 50 பெனிக்குக்கு, இந்தப் பெட்டி உதவும். வாங்குபவர் சந்தேகப்படுவது குறையும்.

1923-ஆம் ஆண்டு 500 மார்க்! எடை இல்லாமல் லேசாக இருக்கிறது. பெரிய தொகை ஆயிற்றே? (திருநெல்வேலி)

அலுமினியம். பணவீக்கம் உச்சத்துக்குப் போன ஆண்டில் அடித்தது; அந்த ஆண்டு முடிவதற்குள் 500 மார்க்குக்கு ஒரு ரொட்டித் துண்டுகூட வராது என்றாகிவிட்டது. செலவழிக்க வழியில்லாமல் கோடிக்கணக்கில் பெட்டிகளில் தங்கியதால் புழங்காத நிலையிலேயே இன்றும் ஏராளம். ஒரு டீ, வடைக் காசுக்குக் கிடைக்கும். குழந்தைக்குக் கொடுங்கள், பள்ளியில் வரலாற்று ஆசிரியரிடம் காட்டட்டும்.